இரண்டாம் நிலையில் இருப்பது யார்?

சர்வர்களைப் பராமரிக்கும் நாங்கள் நான்கைந்து பேர் வேலைக்கு நடுவே சற்று உட்கார்ந்தால், பேச்சு இரண்டு இடங்களில்தான் போய் நிற்கும். எந்த மெய்நிகர் இயந்திரம் (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினி) மக்கர் செய்கிறது என்பது ஒன்று. அடுத்து எந்தப் போன் வாங்கலாம் என்பது இன்னொன்று. போன வாரம் இரண்டும் கலந்துவிட்டன. அலுவலகத்துக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒன்று என இரண்டு போன்களைச் சுமக்கும் தோழி கேட்டார்: “ஒரே சர்வருக்குள் 30 கணினிகளை ஓட்டுகிறோமே, ஒரு போனுக்குள் இரண்டு போன்களை ஓட்ட முடியாதா?”

கேட்க எளிதாகத் தோன்றினாலும் இது ஆழமான கேள்வி. ஒரு கணினிக்குள் பல கணினிகள் எப்படி ஓடுகின்றன என்பதிலிருந்து தொடங்கினால்தான் பதில் பிடிபடும்.

எந்த இயங்குதளமும் ‘இந்தக் கணினி முழுவதும் எனக்கே’ என்ற நினைப்போடுதான் எழுதப்படுகிறது. நினைவகத்தைப் பங்கிடுவதும் வட்டில் எழுதுவதும் கடிகாரத்தைத் திருத்துவதும் அதன் உரிமை. இப்படிப்பட்ட இரண்டை ஒரே கணினியில் வைப்பது ஒரே உறையில் இரண்டு கத்திகளைச் செருகுவதுபோலத்தான். ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அவற்றுக்கு மேல் உட்கார்ந்து, அந்த நினைப்பைக் கலைக்காமலேயே அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ஒரே ஒரு கட்டளையை நெருங்கிப் பார்ப்போம். விசைப்பலகையோ நெட்வொர்க் அட்டையோ புராசசரின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் சமிக்ஞைக்குக் குறுக்கீடு என்று பெயர். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் நுட்பமான வேலை ஒன்றில் இருக்கும்போது, ‘கொஞ்ச நேரம் குறுக்கீடே வேண்டாம்’ என்று புராசசருக்குக் கட்டளையிடும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் விருந்தாளிக் கர்னல் இட்ட இந்தக் கட்டளை உண்மையிலேயே நிறைவேறினால் சர்வர் முழுவதற்கும் காது அடைத்துவிடும். அதனால் விருந்தாளிக் கர்னலை அதிகாரம் குறைந்த நிலையில் ஓட விடுகிறார்கள். அது கட்டளையை இட்டதும் புராசசர் மறுத்து, கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கிறது. ஹைப்பர்வைசர் ‘இவருக்கு இப்போது குறுக்கீடு வேண்டாமாம்’ என்று அந்த விருந்தாளியின் கணக்கில் குறித்துக்கொண்டு, அடுத்த கட்டளையிலிருந்து ஓட விடுகிறது. தன் ஆணை நிறைவேறியதாகவே விருந்தாளி நம்புகிறது.

ஐபிஎம் நிறுவனத்தார் இதை 1960-களிலேயே செய்துகாட்டினார்கள். அந்த வழியில் வந்த விஎம்/370 என்ற இயங்குதளம் 1972-இல் அறிவிக்கப்பட்டது. 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள். கணினியின் நிலையைத் தொடும் கட்டளைகள் எல்லாமே, அதிகாரம் இல்லாதவர் இட்டால் ஹைப்பர்வைசரிடம் மாட்டிக்கொள்பவையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 புராசசர்கள் இந்த இலக்கணத்தில் தேறவில்லை. ‘பாப்எஃப்’ என்றொரு கட்டளை உண்டு. குறுக்கீட்டை நிறுத்த இதையும் பயன்படுத்தலாம். அதிகாரம் இல்லாதவர் இட்டால் இது நிறைவேறவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது. அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஹைப்பர்வைசருக்குத் தகவலே போகாது. இன்டெலின் பென்டியம் புராசசரில் இப்படி இலக்கணம் மீறிய கட்டளைகள் 17 இருந்தன. 1999-இல் விஎம்வேர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது: விருந்தாளிக் கர்னலின் நிரலை ஓடும்போதே படித்து, ஆபத்தான கட்டளைகளை மட்டும் வேறு கட்டளைகளாக மாற்றி எழுதிவிடுவது. கணினித் துறையில் நான் மிகவும் மதிக்கும் கைவண்ணங்களில் இது ஒன்று. பிறகு 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் ஹைப்பர்வைசருக்கென்றே ஒரு தனி நிலையைப் புராசசருக்குள் கட்டிக்கொடுத்தன.

நினைவகத்திலும் இதே கதைதான். விருந்தாளி தன் பக்க அட்டவணையை, அதாவது எந்தத் தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து ஒரு முகவரியைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அதுவும் உண்மையான முகவரி அல்ல. ஹைப்பர்வைசரின் அட்டவணை அதை இன்னொரு முறை மாற்றித் தருகிறது. நான்கு அடுக்கு அட்டவணை என்றால் வழக்கமாக 4 முறை நினைவகத்தைப் புரட்டினால் போதும். இரண்டு அட்டவணைகள் பின்னிக்கொள்ளும்போது, மோசமான நிலையில் அது 24 முறை ஆகிவிடும். கண்டுபிடித்த முகவரிகளைப் புராசசர் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்வதால்தான் இந்தத் தாமதம் நமக்குத் தெரிவதில்லை.

இனி போனுக்கு வருவோம். இன்றைய போன்களில் இருக்கும் ஆர்ம் வகைப் புராசசர்களில் அதிகாரத்துக்கு நான்கு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். நிலை 0-இல் நாம் நிறுவும் செயலிகள், 1-இல் கர்னல், 2-இல் ஹைப்பர்வைசர், 3-இல் பாதுகாப்புக் காவலன். ஆகவே சர்வரில் இருக்கும் அதே ஏற்பாடு சட்டைப்பையிலும் இருக்கிறது. அந்த இரண்டாம் நிலையில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் போனுக்குப் போன் வித்தியாசம்.

ஆண்ட்ராய்டு 13-இல், அதாவது 2022-இல், கூகுள் அங்கே ‘பிகேவிஎம்’ என்ற சிறிய ஹைப்பர்வைசரை வைத்தது. வழக்கமாக வீட்டுக்காரரான கர்னலால் விருந்தாளியின் நினைவகத்தை எட்டிப் பார்க்க முடியும். இங்கே ஆண்ட்ராய்டின் கர்னலுக்கே அந்த உரிமை பறிக்கப்படுகிறது. போனின் கர்னலைத் தாக்குபவர் கைப்பற்றினாலும், உள்ளே தனியாக ஓடும் சிறு இயந்திரத்தின் ரகசியங்களைப் படிக்க முடியாதபடி இரண்டாம் நிலையின் அட்டவணை தடுத்துவிடும். 2025-இல் சில பிக்சல் போன்களில் வந்த டெர்மினல் செயலி இதே ஏற்பாட்டின் மேல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை முழுமையாக ஓட்டுகிறது.

ஐபோனில் இந்த வாசல் செயலிகளுக்குத் திறக்கப்படவில்லை. மேக் கணினியில் மெய்நிகர் இயந்திரங்களை அழகாக ஓட்டவிடும் ஆப்பிள், ஐஓஎஸ்-இல் அதைத் தருவதில்லை. 2024-இல் ஆப் ஸ்டோருக்கு வந்த ‘யுடிஎம் எஸ்இ’ வேறொரு கணினியை ஓட்டிக் காட்டும். ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் தானே படித்து நடித்துக் காட்டுவதால் மிக மெதுவாக ஓடும். நிரலை ஓடும்போதே மாற்றி எழுதும் உரிமையும் அதற்கு இல்லை.

அப்படியானால் தோழியின் இரண்டு போன்கள்? சர்வரில் வட்டையும் நெட்வொர்க்கையும் பங்கிடுவது சுலபம். போனிலோ ஒரே கேமரா, ஒரே மோடம், ஒரே கிராஃபிக்ஸ் சில்லு. இரண்டு முழு இயங்குதளங்கள் இவற்றுக்கு முட்டிக்கொள்ளும்; நினைவகமும் பேட்டரியும் இரட்டிப்பாகக் கரையும். அதனால்தான் ஆண்ட்ராய்டு தரும் ‘பணிச் சுயவிவரம்’ மெய்நிகர் இயந்திரமாக அமைக்கப்படவில்லை. ஒரே கர்னலின் மேல், இரண்டு பயனர்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் அது. அலுவலகச் செயலிகளுக்கு அது போதும், இரண்டு சிம் போடும் ஒரே போனை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். “உங்களுக்கு?” என்று கேட்டார். டெர்மினல் உள்ள போன்தான் என்றேன். நான் காசு கொடுத்து வாங்கும் புராசசரின் இரண்டாம் நிலை எனக்கும் பயன்பட வேண்டும்.