இ-சிம் வாங்கியாச்சு, இந்திய எண்ணை என்ன செய்யப் போகிறீர்கள்?

பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் முடிந்த பிறகு எல்லோரும் கடைசியாகக் கேட்பது, “அங்க நெட்டுக்கு என்ன பண்றது?” என்றுதான். ஓரிரு வாரப் பயணம் என்றால் இப்போது நான் இ-சிம்மைத்தான் சொல்கிறேன். காரணம் விலை மட்டுமல்ல. ஏர்போர்ட்டில் புது சிம் வாங்கிப் போடுகிறவர்கள் பலர் அதற்காக இந்திய சிம்மைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றியதும் வங்கி ஓடிபி நின்றுவிடுகிறது. கார்டு தேய்க்கப் போன இடத்தில் ஓடிபி கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். இ-சிம் என்பது போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் சிப்பில் இறங்கும் இன்னொரு இணைப்பு. இந்திய சிம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். *#06# அடித்தால் ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வர வேண்டும். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு. ஆண்ட்ராய்டில் விலை குறைந்த போன்கள் பலவற்றில் கிடையாது. சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த போன் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்குள்ள நிறுவனத்துக்கு லாக் செய்யப்பட்ட போனில் வேறு யாருடைய இ-சிம்மும் எடுக்காது.

அடுத்து எந்த பிளான் என்பது. எத்தனை ஜிபி, என்ன விலை என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தெந்த நாடுகள் என்ற பட்டியலைத் திறந்து படியுங்கள். ‘ஐரோப்பா’ என்று போட்டிருந்தால் சுவிட்சர்லாந்தும் அடக்கம் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் சில பிளான்களில் அது இருக்காது. பாரிஸில் நன்றாக ஓடிய நெட், ரயில் எல்லை தாண்டியதும் செத்துப்போகும். சிங்கப்பூர் போகிறவர்கள் பாலம் தாண்டி ஜொகூர் பாரு, அப்படியே பத்துமலை என்று திட்டம் வைத்திருந்தால் மலேசியாவும் சேர்ந்த பிளான்தான் வேண்டும்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை நம்பி அதிகம் கொடுக்காதீர்கள். பல பிளான்களில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு, அதற்குப் பிறகு வேகம் படுத்துவிடும். வழி பார்க்க, வாட்ஸ்அப் பேச, போட்டோ அனுப்ப ஒரு வாரத்துக்கு 5 ஜிபி பெரும்பாலானவர்களுக்குத் தாராளம். ஒரே இ-சிம்மில் குடும்பமே ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, பெரும்பாலான பயண இ-சிம்களில் டேட்டா மட்டும்தான், போன் நம்பர் வராது. கிராப் மாதிரி டாக்ஸி செயலிகளை ஊரிலேயே இந்திய எண்ணில் பதிவுசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.

குவாங்சோ சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போகும் வியாபாரிகளுக்கு இ-சிம் கூடுதலாக ஒரு வகையில் உதவும். சீனாவின் உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் வாட்ஸ்அப், கூகுள் திறக்காது. பயண இ-சிம் போல வெளிநாட்டு நிறுவனத்தின் ரோமிங் இணைப்பில் போகும் டேட்டா சீனாவுக்கு வெளியே போய்த்தான் இணையத்தைத் தொடுகிறது, அதனால் அவை வேலை செய்யும்.

வாங்கிய இ-சிம்மை வீட்டு வைஃபையில், கிளம்புவதற்கு முந்தைய நாளே இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கே இணையம் தேவை. வாங்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாள் கணக்கு போனில் இறக்கியதும் தொடங்குமா, அங்கே போய் நெட்வொர்க்கைத் தொட்டதும் தொடங்குமா? முதல் வகை என்றால் கிளம்பும் அன்று இறக்கினால் போதும். கியூஆர் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். நெட் வரவில்லை என்று பதற்றத்தில் இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யப் பார்க்காதீர்கள். காசு போனது போனதுதான்.

இறங்கியதும் வரும் குழப்பம் பெரும்பாலும் ரோமிங்கில்தான். “ரோமிங்கை ஆஃப் பண்ணிடுங்க, பில் எகிறிடும்” என்று யாரோ சொன்னதை வைத்து இரண்டு சிம்முக்கும் ஆஃப் செய்துவிடுவார்கள். பயண இ-சிம் பெரும்பாலும் அந்த ஊர் நெட்வொர்க்கில் ரோமிங்காகத்தான் ஓடுகிறது. ஆகவே இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு ஆஃப். மொபைல் டேட்டா எந்த சிம்மில் என்ற இடத்தில் இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழேயே, ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றுக்குத் தானாக மாறும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஐபோன்காரர்கள் கவனிக்க: ஐமெசேஜைப் புதிதாக இயக்கும்போது போன் தானாகவே ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும், அதற்குக் கட்டணம் பிடிக்கலாம்.

டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்தாலும் இந்திய சிம்மையே அணைக்க வேண்டாம். சிக்னல் எடுத்தால்தான் ஓடிபி வரும். வெளிநாட்டு ரோமிங் வசதி உங்கள் எண்ணில் திறந்திருக்கிறதா, தனியாக பேக் போடாமல் எஸ்எம்எஸ் வருமா என்று கிளம்பும் முன் உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், எடுத்தாலே காசு. வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லுங்கள்.

“இந்திய நம்பரையும் இ-சிம்மா மாத்திடலாமா?” என்று பயணத்துக்கு முந்தைய நாள் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சிம் மாற்றினால் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். போன் வெளியூரில் உடைந்தாலும் கார்டு சிம்மை எடுத்து வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். இ-சிம்மில் அது அவ்வளவு சுலபமில்லை.

இதிலேயே ஒரு மோசடியும் நடக்கிறது. தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் எண்ணை இ-சிம்மாக மாற்றித் தருவதாக லிங்க் அனுப்புவார்கள். அதை ஒப்புக்கொண்ட நிமிடத்தில் உங்கள் சிம்மில் சிக்னல் போய்விடும், எண் அவர்கள் போனில் உயிர்பெறும், ஓடிபிக்கள் அங்கே போகும், கணக்கு காலியாகும். பயண இ-சிம் வாங்க யாருக்கும் இந்திய எண்ணின் ஓடிபியையோ எஸ்எம்எஸ்ஸையோ படித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய எண்ணின் சிக்னல் காரணமில்லாமல் திடீரென்று போனால் இன்னொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், தொலைபேசி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930. நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் இருப்பவர்களை விட்டு அழைக்கச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வங்கியை அழைக்க வேண்டிய எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.