சூரியனின் காமா கதிர் எங்கிருந்து வருகிறது?

பொதுக் கூட்டங்களில் பேசப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சூரியனோட மையத்துல அணுக்கரு இணைவு நடக்குதே, அந்தக் காமா கதிர் நம்மைத் தாக்காதா?" "இன்றிரவு அண்டக்கதிர் வருகிறது, செல்போனை அணைத்து வையுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. ஒளி வகைகளிலேயே ஆற்றல் மிகுந்ததான காமா கதிரின் தரவுகளை அலசுவதுதான் என் வேலை. அதனால் சொல்கிறேன்.

மையத்தில் பிறக்கும் காமா கதிர் அப்படியே வெளியே வருவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மோதி மோதி ஆற்றலை இழந்து, கடைசியில் வெயிலாகத்தான் நம்மை எட்டுகிறது. சூரிய வெடிப்புகளின்போது காமா கதிர் வருவது தனிக் கதை. வெடிப்பே இல்லாத நாளிலும் சூரியன் காமா கதிரில் தெரிகிறதே, அதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்து அதன்மேல் விழும் அண்டக்கதிர்கள், அதாவது விண்வெளியில் மிக வேகமாகப் பாயும் துகள்கள். பெரும்பாலும் புரோட்டான்கள்.

உள்ளே பாயும் புரோட்டான் வாயுவில் மோதினால், பிறக்கும் காமா கதிரும் அதே திசையில் போய்ச் சூரியனுக்குள்ளேயே மறைந்துவிடும். காந்தப்புலம்தான் இதை மாற்றுகிறது. மேற்பரப்பை நெருங்க நெருங்கப் புலம் இறுகுகிறது. புரோட்டான் சுழன்று சுழன்று வந்த பக்கமே திரும்பிவிடுகிறது. திரும்பும் வழியில் மோதும்போது பையான் என்ற துகள் உண்டாகி, உடனே இரண்டு காமா கதிர்களாகச் சிதைகிறது. அவை நம் பக்கம் வருகின்றன. 1991-இல் செக்கல், ஸ்டானெவ், கெய்சர் என்ற இயற்பியலாளர்கள் மூவரும், இப்படி எவ்வளவு காமா கதிர் வரும் என்று கணக்கிட்டார்கள். 2008-இல் விண்வெளிக்கு ஏவப்பட்ட ஃபெர்மி காமா கதிர்த் தொலைநோக்கி கண்டதோ அதைவிடப் பல மடங்கு.

எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம் ஒன்று உண்டு. சூரியன்மேல் கருந்திட்டுகளாகத் தெரியும் சூரியப்புள்ளிகள் மிகக் குறைந்திருந்த 2008-2009 காலத்தில், 1.4 ஆண்டுகளில், 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை (இது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) தாண்டிய ஆறு காமா கதிர்களை ஃபெர்மி பிடித்தது. அடுத்த 7.8 ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. புள்ளிகள் பெருகும்போது, சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றோடு பரவும் காந்தப்புலம் அண்டக்கதிர்களைத் தூரத்திலேயே தடுப்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு ஆற்றலுள்ளவற்றை அது பெரிதாகத் தடுக்காது. மேற்பரப்புப் புலத்தின் அமைப்பே மாறுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். 2023-இல் மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம், காமா கதிர் காற்றில் மோதித் தெறிக்கும் துகள்களைப் பிடிக்க மலைமேல் வைத்த 300 தண்ணீர்த் தொட்டிகளைக் கொண்டு, அந்த 100 ஜிகாவைப் போலப் பத்து மடங்கு ஆற்றலிலும் சூரியனைக் கண்டது.

சரி, பயப்பட வேண்டுமா? சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கருவிக்கு, விண்வெளியில், அந்த 1.4 ஆண்டுகளில் 100 ஜிகாவைத் தாண்டிக் கிடைத்தவையே ஆறுதான். பூமிக்கு வருபவை காற்றுமண்டலத்தின் உயரத்திலேயே சிதறிவிடுகின்றன. செல்போனை அணைக்க வேண்டியதில்லை.