முள் தாங்கும் டயரும் அரைக் கிலோ கூடுதல் கனமும்

வெண்ணாற்றங்கரையிலோ குடமுருட்டிக் கரையிலோ சைக்கிள் மிதிப்பவர்களுக்கு எதிரிகள் சீமைக்கருவேலமும் நெருஞ்சியும்தான். வேலிக்கு வெட்டிப் போட்ட கிளையிலிருந்து உதிர்ந்த முள், மண்ணின் நிறத்திலேயே கிடக்கும். நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு நுனியாவது மேலே பார்த்தபடி இருக்கும்.

முள் பெரும்பாலும் ஒரே உருளலில் டியூபைத் தொட்டுவிடுவதில்லை. முதலில் நுனி மட்டும் ரப்பரில் பதியும். அப்புறம் சக்கரம் சுற்றச் சுற்ற, ஓட்டுபவரின் எடை ஏறி அதை உள்ளே தள்ளும். கிலோமீட்டருக்கு 450 முறைக்கு மேல் இது நடக்கிறது. இறங்கியதும் டயரைச் சுற்றிப் பார்த்து முள்ளைப் பிடுங்குகிறவருக்குப் பாதி பஞ்சர் மிச்சம். ஐப்பசி மழையில் தொல்லை கூடுவதற்கும் காரணம் உண்டு. ஈரமான ரப்பரில் உராய்வு குறைவதால் கண்ணாடிச் சில்லு சுலபமாக வெட்டிக்கொண்டு இறங்கும்.

இதைத் தடுக்க டயர் செய்பவர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, அராமிட் இழையில் நெய்த மெல்லிய பட்டை. 1965-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்து, பிறகு கெவ்லார் என்று பெயர் பெற்றது இந்த வகை இழைதான். கண்ணாடியின் விளிம்பு இதை வெட்டத் திணறும். ஆனால் முள் வெட்டுவதில்லை. இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் நுழைகிறது. அதனால் நம் பக்கத்துக்கு உதவுவது இரண்டாவது வழி: வெறும் தடிமன். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் மேல்ரப்பருக்கு அடியில் 5 மில்லிமீட்டர் ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கிறது. நெருஞ்சியின் நுனி டியூபை எட்டுவதற்குள் அதன் நீளம் தீர்ந்துவிடும். நீளமான கருவேல முள் நேராக ஏறினால் இதுவும் தாங்காது.

சரி, கனம்? இப்படிப்பட்ட டயர் சாதாரண லேசான டயரைவிட அரைக் கிலோ வரை கூடலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கிலோ. விளிம்பில் இருக்கும் எடை முன்னேறவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்பதால், வேகம் எடுக்கும்போது அது இரண்டு கிலோவாகக் கணக்கில் வரும். ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்றால், சுமார் 2 சதவீதம். அதுவும் கிளம்பும்போது மட்டும். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் 80 கிலோமீட்டர் தள்ளி. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட ஏற்றம் இல்லாத ஊரில் எடைக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. கொடைக்கானல்காரர் பயப்படட்டும்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி, மறுபடி விரிகிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுதாகத் திரும்பி வராது. ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். ரப்பர் தடித்தால் இந்த இழப்பும் கூடும். இந்த இழப்பை அளக்கும் உருளல் எதிர்ப்பு எண் 0.006-லிருந்து 0.009 ஆனால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 10 வாட் கூடுதலாக மிதிக்க வேண்டும். மொத்தத் தேவையே 50 வாட் சொச்சம்தான் என்பதால் இது கால்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் அது இதைப்போல நான்கு மடங்கு பிடுங்கிக்கொள்ளும், அது வேறு கதை.

என்னைக் கேட்டால் பின்சக்கரத்துக்கு மட்டும் தடித்த டயர் போதும். ஆள் எடையில் பெரும்பங்கும் கேரியர் மூட்டையும் அதன்மேல்தான். முன்னால் லேசான டயரே இருக்கட்டும்; 10 வாட்டில் ஒரு பகுதியாவது மிஞ்சும்.

இன்னொரு வகைப் பஞ்சரும் உண்டு. காற்று குறைவாக இருக்கும்போது மதகுப் பாலத்தின் விளிம்பில் ஏற்றினால், டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இதற்கு டயருக்குள் இருக்கும் அடுக்கு பெரிதாக ஒன்றும் செய்யாது, வாராவாரம் காற்று அடிப்பதுதான் வழி.

வாங்கும் முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 28 அங்குலம் 1½ என்று வரும் பழைய சைக்கிளுக்கு, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர், 700சி என்று விற்பவற்றுக்கு 622. இரண்டையும் 28 அங்குலம் என்றே சொல்வார்கள். ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது.