கட்டிலைக் கூரைக்கு வெளியே இழுத்துப் போடுங்கள்

பாலைவன நகரம் ஒன்றில் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பகலெல்லாம் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம். இருட்டிய பிறகுதான் கொல்லைப்புறத்துக்கே வருகிறோம். சிமென்ட் கூரை போட்ட தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் வெக்கை தாங்கவில்லை. பத்தடி தள்ளி வெட்டவெளியில் உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டுகிறது. காற்றும் வீசவில்லை. பிறகு எப்படி?"

தெர்மாமீட்டரின் மீது தவறில்லை. அது காற்றின் சூட்டை மட்டும் சொல்கிறது. உடம்போ காற்றோடு மட்டும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை. சூடுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். 34 டிகிரியில் இருக்கும் நம் தோல் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 500 வாட் வீசுகிறது. இவ்வளவு கொடுத்தும் நாம் உறைந்துபோகாததற்குக் காரணம், சுற்றியுள்ள பொருட்களும் நம் மீது வீசுகின்றன. பகல் முழுதும் வெயில் குடித்து 40 டிகிரியில் நிற்கும் கூரை 500 வாட்டுக்கு மேல் திருப்பித் தருகிறது. கொடுத்ததைவிட வாங்கியது அதிகம், வேர்க்கிறது. வெட்டவெளியிலோ தலைக்கு மேலே வானம். வறண்ட, தெளிந்த இரவில் அது தருவது 350 வாட் அளவில்தான். மிச்சம் நம்மைவிட்டுப் போய்விடுகிறது.

எங்கே போகிறது? இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு அடங்குவதில்லை.

கண்ணுக்குப் பளிங்கு போலத் தெரியும் காற்று, அகச்சிவப்புக் கதிர்களுக்குப் பெரும்பாலும் மூடுபனிதான். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அவற்றை வழியிலேயே விழுங்கி, ஒரு பகுதியைக் கீழே நம் பக்கமே உமிழ்கின்றன. ஆனால் 8 முதல் 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளங்களில் மட்டும் இரண்டுமே பெரிதாகக் கைவைப்பதில்லை. மூடிய சுவரில் ஒரு சன்னல் திறந்திருப்பது போல. இப்போது இதைப் பாருங்கள்: நம் உடம்பு, மண், செடி, கயிற்றுக் கட்டில் ஆகியவற்றின் வெப்பநிலையில் உள்ள பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசும் தெரியுமா? சுமார் 10 மைக்ரான். சன்னலின் நட்டநடு! மல்லாந்து படுத்திருப்பவரின் சூடு அந்தச் சன்னல் வழியே வளிமண்டலத்தைக் கடந்து, மைனஸ் 270 டிகிரியில் கிடக்கும் விண்வெளிக்கே போய்ச் சேருகிறது.

சந்தேகமாக இருந்தால், தொடாமலே சூடு பார்க்கும் துப்பாக்கி வடிவக் கருவியை ஒரு வறண்ட இரவில் வானத்தை நோக்கிப் பிடியுங்கள். இதமான இரவிலேயே அது பூஜ்யத்துக்குக் கீழே காட்டியபோது, கருவி பழுது என்று நினைத்து நான் இரண்டு முறை மின்கலம் மாற்றினேன். அது வானத்தின் துல்லியமான வெப்பநிலை ஆகாது. ஆனால் சன்னல் திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி கிடையாது. பிறகு கூரையை நோக்கிப் பிடித்தேன். எண் குபீரென்று ஏறியது.

பாலைவனம் என்றாலே இரவு குளிரும் என்று நினைத்துவிடக் கூடாது. மணலைவிட வறட்சிதான் இங்கே முக்கியம். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் சவுதித் தலைநகர் ரியாத்தின் வறண்ட காற்றில் சன்னல் நன்றாகத் திறக்கிறது. துபாயும் பாலைவன நகரம்தான். ஆனால் கோடையில் வளைகுடாவிலிருந்து ஏறும் நீராவி அந்தச் சன்னலுக்குத் திரை போட்டுவிடுகிறது. நீர்த்திவலை தெளித்துக் குளிரவைக்கும் விசிறிகளும் அங்கே சோர்ந்துபோவது இதே நீராவியால்தான். 40 டிகிரி சூட்டில் ஈரப்பதம் 10 சதவீதமாக இருந்தால், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர், ஈரம் ஆவியாவதால் 40இலிருந்து 19 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈரப்பதம் ஏற ஏற அந்த இறக்கம் சுருங்கிவிடும்.

இந்தச் சன்னலை வைத்துப் பனிக்கட்டியே செய்திருக்கிறார்கள். அலகாபாத்தில் ஆழமில்லாத குழிகளில் காய்ந்த கரும்புத் தட்டைகளையும் சோளத்தட்டைகளையும் பரப்பி, மேலே சிறு மண்சட்டிகளில் நீர் ஊற்றி வைத்து, விடிவதற்கு முன் பனிக்கட்டியை அள்ளியதை ஆங்கிலேயப் படைத்தளபதி ராபர்ட் பார்க்கர் 1775இல் எழுதியிருக்கிறார். தட்டைகளின் வேலை, நிலத்துச் சூடு சட்டிக்கு ஏறாமல் தடுப்பது. ஈரானின் பாலைவன ஊர்களில் ஆழமற்ற குளத்தின் தெற்கே உயர்ந்த மதில் எழுப்பினார்கள். பகலில் மதில் குளத்துக்கு நிழல் தந்தது; இரவில் குளம் வானத்தைப் பார்த்துக் கிடந்து உறைந்தது.

நாம் "பனி பெய்கிறது" என்கிறோம். பனி பெய்வதில்லை, வானத்துக்குச் சூட்டைப் பறிகொடுத்த இலையின் மேல், அதை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி படிகிறது. 1814இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் கம்பளிப் பஞ்சை உயர்த்திவைத்த பலகையின் மேலும் கீழும் வைத்து எடைபோட்டுப் பார்த்து இதைக் காட்டினார்: வானம் பார்த்த மேல்பஞ்சில்தான் பனி அதிகம் படிந்திருந்தது. நிலவொளி குளிரூட்டும் என்ற நம்பிக்கைக்கும் இதுவே விளக்கம். மேகமில்லாத இரவில்தான் நிலா பளிச்சென்று தெரியும். அதே இரவில்தான் சன்னலும் திறந்திருக்கும். குளிர்வித்தது சன்னல், பெயர் வாங்கியது நிலா. நிலவொளி பட்டால் புத்தி பேதலிக்கும் என்று குழந்தைகளை உள்ளே விரட்டுபவர்களுக்கு என்னிடம் விளக்கம் இல்லை, எரிச்சல் மட்டுமே உண்டு.

பகலிலும் இந்த வித்தை பலிக்குமா? 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அஸ்வத் ராமனும் சான்ஹுய் ஃபானும் குழுவினரும் பலிக்கவைத்தார்கள். வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பியடித்து, சன்னல் அலைநீளங்களில் மட்டும் தாராளமாகக் கதிர்வீசும் மெல்லிய அடுக்குகள், நேர் வெயிலிலேயே சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்து நின்றன. சஹாராவின் வெள்ளி எறும்பு தன் முக்கோண வடிவ ரோமங்களால் இதையொத்த வேலையை உச்சிவெயிலில் செய்துகொண்டிருக்கிறது. மின்சாரம் கேட்காத இந்தக் குளிர்ச்சிக்கு ஆய்வுப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்கள், வீட்டுச் சூட்டை அள்ளித் தெருவில் கொட்டும் ஏ.சி. பெட்டிகளை மட்டும் வாய் நிறையப் புகழ்வது எனக்குப் புரியவில்லை.

வாசகருக்கு: பகலில் நிழல் வேண்டும், இரவில் வானம் வேண்டும். ஆகவே நிலையான கூரையைவிட மாலையில் சுருட்டிவிடக்கூடிய நிழல்துணி மேல். உயரமான கான்கிரீட் மதிலுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். அது நள்ளிரவு தாண்டியும் பகலைக் கக்கும். உலர்ந்த மணல் அப்படியில்லை. சூடு அதன் ஆழத்துக்கு இறங்காததால், பகலில் காலைச் சுட்டாலும் பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும்.

குளிர்காலத்தில் செடிகளை மெல்லிய துணியால் மூடும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வெல்ஸும் தோட்டக்காரர்களின் மெல்லிய பாய்களைப் பார்த்து அப்படித்தான் சிரித்தாராம். செடி எப்படியும் காற்றின் குளிருக்கு வந்துவிடும், இந்தப் பாய் என்ன செய்யும் என்று. தெளிந்த இரவில் வானம் பார்த்த இலை காற்றைவிடவும் குளிர்ந்துவிடும் என்று கண்டறிந்த பிறகு, அரைகுறை அறிவின் செருக்கில் சிரித்தேன் என்று அவரே எழுதிவைத்தார்.