கண்ட்ரி இசைக்கு ‘நாட்டுப்புற இசை’ சரியான தமிழா?

போன வாரம் ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தவர், ‘புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகி பேட்ஸி கிளைன்’ என்றார். கிளைன் பாடியது அமெரிக்காவில் இசைத்தட்டு வணிகத்தோடு வளர்ந்த கண்ட்ரி இசை. குரல் கொடுத்தவர் அப்படிச் சொன்ன நேரம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது 1961-இல் வெளிவந்த ‘கிரேஸி’ பாடல். வில்லி நெல்சன் எழுதியது. கண்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில்லில், தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பியானோ, கிட்டார், பின்னணிக் குரல் குழு எல்லாம் வைத்துப் பதிந்தது. சில வாரங்களுக்கு முன் நடந்த கார் விபத்தில் விலா எலும்பு முறிந்து உச்சஸ்தாயி எட்டாததால், கிளைன் தன் குரலை மட்டும் பின்னொரு நாள் வந்து பாடிச் சேர்த்தார். இதில் எந்த இடத்தில் நாட்டுப்புறம் இருக்கிறது? இதற்கு முன் கண்ட்ரி பாடகர்களான ஜானி கேஷையும் ஹாங்க் வில்லியம்ஸையும் இப்படியே எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இந்த முறை முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘கோன்ட்ரா’ என்றால் எதிரே. அதிலிருந்து, கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்ற பொருளில் ஒரு சொல் கிளைத்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘கண்ட்ரி’ ஆனது. அங்கே அதற்கு இரண்டு பொருள்: தேசம் ஒன்று, நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்ப்புறம் இன்னொன்று. நம் ‘நாடு’ம் ஒரு பொருளில் நிற்பதில்லை. ‘நாடாகு ஒன்றோ காடாகு ஒன்றோ’ என்ற ஔவையின் புறநானூற்றுப் பாட்டில் நாடு என்பது அரசு ஆளும் எல்லை இல்லை. காட்டுக்கு எதிரான, மக்கள் குடியிருக்கும் நிலம். இந்த ஒற்றுமைதான் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுகிறது. கண்ட்ரி என்றால் நாடு, ஆகவே கண்ட்ரி இசை என்றால் நாட்டுப்புற இசை என்று அகராதியை மூடிவிடுகிறார்.

ஆனால் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற சொல் தமிழில் சும்மா கிடக்கவில்லை. அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, தெம்மாங்கு: யார் கட்டினார் என்று தெரியாமல் வாய்வழியே வந்து, பாடுபவருக்கேற்ப மாறிக்கொண்டே இருப்பவை எல்லாம் அந்தப் பெயரில் அடங்குகின்றன. நாட்டார் வழக்காற்றியல் என்ற பெயரில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ஒரு துறையே இதற்காக இயங்குகிறது. ‘நாட்டுப்புறம்’ சரியா ‘நாட்டார்’ சரியா என்று அறிஞர்கள் வாதிட்டதுண்டு; பொருள் எது என்பதில் குழப்பம் இருந்ததில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபோக்’ என்பதற்கு நேரான சொல் இது. அதையே கண்ட்ரிக்கும் கொடுத்துவிட்டால், ஃபோக்கும் கண்ட்ரியும் ஒரே வாக்கியத்தில் வரும்போது என்ன எழுதுவார்கள்? அந்த இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இந்த இசையின் வரலாற்றில் பாதி பேசுகிறது.

1927 கோடையில் அமெரிக்காவின் டென்னசி, வர்ஜீனியா மாநில எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரத்துக்கு, விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடகர்களைத் தேடிப் பதிந்த ரால்ஃப் பியர் பதிவுக் கருவிகளோடு வந்தார். அங்கேதான் கண்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோட்ஜர்ஸும் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடினார்கள். அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்து, பழம்பாட்டுகளைக் கேட்டுச் சேகரித்தவர். அவரோடு போன லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டு வருவார். அதுவரை அது நாட்டார் பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பியருக்கு வேண்டியது பதிப்புரிமை பெறக்கூடிய பாட்டு. பழம்பாட்டைத் திருத்தி, பெயர் போட்டு, உரிமை பதிந்து, தட்டு விற்கும்போதெல்லாம் பணம் வரும்படி செய்தார்கள். பெயரில்லாத பாட்டுக்கு ஒரு பெயரும் விலையும் வந்த அந்த இடத்தில்தான் கண்ட்ரி, ஃபோக்கிடமிருந்து பிரிகிறது.

பிறகு பிரிவு இன்னும் பெரிதானது. ஹாங்க் வில்லியம்ஸைத் தூக்கி நிறுத்திய ‘லவ்சிக் புளூஸ்’ எந்த மலையூரிலும் பிறக்கவில்லை. 1922-இல் கிளிஃப் ஃபிரெண்ட், இர்விங் மில்ஸ் என்ற இரண்டு தொழில்முறைப் பாட்டுக்காரர்கள் மேடைக்காக உருவாக்கியது. வில்லியம்ஸ் அதை 1948 டிசம்பரில் சின்சினாட்டியில் பதிந்தார். மறு ஆண்டு இசைத்தட்டுப் பட்டியலில் பதினாறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ரோட்ஜர்ஸின் யோடல், அதாவது கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் சட்டென்று தாவிப் பாடும் முறை, ஆல்ப்ஸ் மலைக்காரர்களுடையது, நாடகமேடை வழியே வந்தது. ஸ்டீல் கிட்டார் ஹவாயில் இருந்து வந்தது. பாஞ்சோ என்ற தந்திக்கருவி ஆப்பிரிக்க அடிமைகளுடையது. இப்படிப்பட்ட கலப்பைப் போய் ‘நாட்டு’ என்பதா? நாட்டுக்கோழி, நாட்டு மாடு, நாட்டு மருந்து என்று நாம் சொல்வதே கலப்பில்லாத உள்ளூர் வகையைத்தானே.

என் நண்பர் ஒருவர் இதற்கு நல்ல எதிர்வாதம் வைத்தார். அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டே 1944-இல் இந்த இசைக்கு முதல் வரவேற்புப் பட்டியல் போட்டபோது ‘ஃபோக்’ என்றுதானே தலைப்பிட்டது என்றார். உண்மைதான். ஆனால் ஏன் அப்படி இட்டது? அதுவரை தட்டு வணிகத்தில் வழங்கிய சொல் ‘ஹில்பில்லி’. 1925-இல் பியர் ஒரு குழுவுக்கு வைத்த பெயர், முழு இசைக்கும் ஒட்டிக்கொண்டது. அது மலைக்காட்டான் என்பது போன்ற வசைச்சொல். எர்னஸ்ட் டப் போன்ற பாடகர்களுக்கு அது பிடிக்கவில்லை. மரியாதையான சொல் தேடிய காலத்தில் ‘ஃபோக்’ சில ஆண்டு நின்றது. பொருந்தவில்லை என்று 1949-இல் அதே பில்போர்டு அதைத் தள்ளிவிட்டு ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று மாற்றியது. அவர்கள் கைவிட்டு முக்கால் நூற்றாண்டு ஆன சொல்லை நாம் தமிழில் தூக்கிச் சுமக்கிறோம். அதிலும் கொடுமை, ‘நாட்டுப்புறத்தான்’ என்பது தமிழில் இன்றும் ஏச்சு. எந்த இழிவைத் துடைக்க அந்தப் பாடகர்கள் ‘கண்ட்ரி’ என்ற சொல்லைத் தேர்ந்தார்களோ, அதே இழிவை நாம் திரும்பப் பூசுகிறோம்.

‘கிராமிய இசை’ என்பதற்கும் இதே குறைதான். ‘நாட்டிசை’ என்று சிலர் சுருக்குகிறார்கள். நாட்டுப்பண் என்றால் தேசிய கீதம் என்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த மொழியில் நாட்டிசை என்பது எங்கே போய் நிற்கும் என்று யோசித்தார்களா?

மொழிபெயர்ப்பவர்கள் பாட்டைக் கேட்பதில்லை. என் கோபம் அதுதான். கேட்டிருந்தால் ஸ்டீல் கிட்டாரை ‘எஃகு கிட்டார்’ என்று எழுத மாட்டார்கள். கிட்டார் எஃகில் செய்ததில்லை, தந்திமேல் இழுக்கும் கைத்துண்டுதான் எஃகு. ‘ரெக்கார்டு வெளியிட்டார்’ என்பதைச் ‘சாதனை வெளியிட்டார்’ என்று ஒருவர் எழுதியதைக் கண்ணால் பார்த்தேன். இசைத்தட்டு என்ற அழகான சொல்லை வைத்துக்கொண்டு இது தேவையா?

சரி, எதை எழுதுவது? ஜாஸ், புளூஸ், ராக் ஆகியவற்றை அப்படியே எழுதுகிறோம். ‘கண்ட்ரி இசை’ என்று எழுதுவதில் தமிழுக்கு இழுக்கு எதுவும் இல்லை. தவறான தமிழைவிட நேர்மையான கடன்சொல் மேல். தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் முன்வைப்பது ‘ஊர்ப்பாங்கு இசை’. பாங்கு என்றால் இயல்பு, நடை. ஊரில் பிறந்தது என்று அது சாதிக்கவில்லை. ஊரின் பாங்கில் பாடுவது என்று மட்டும் சொல்கிறது. நாஷ்வில் கூடத்தில் பதிந்ததையும் தாங்கும்.

‘ஊர்’ என்ற சொல்லை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் வேலை செய்பவர் பொங்கலுக்கு ‘ஊருக்குப் போறேன்’ என்பார். யாரும் ‘நாட்டுப்புறத்துக்குப் போறேன்’ என்பதில்லை. விட்டுவந்த இடத்துக்குத் தமிழில் ஊர் என்றுதான் பெயர். 1963-இல் பாபி பேர் பாடிய ‘டெட்ராய்ட் சிட்டி’யைக் கேட்டுப் பாருங்கள். தெற்கே பருத்திக்காட்டை விட்டு வந்து கார் ஆலையில் உழைப்பவன், இங்கே நன்றாக இருக்கிறேன் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு, இரவெல்லாம் ஊர் திரும்ப ஏங்குகிறான்.

இனி லோரெட்டா லின் பற்றி எழுதுகிறவர்கள் இப்படி எழுதலாம்: ‘கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், ஊர்ப்பாங்கு இசைப் பாடகி, தன் பாட்டுகள் பலவற்றைத் தானே எழுதியவர்.’