உக்காந்தா எந்திரிக்க முடியாதா? பலநாள் ஓட்டக்காரங்களுக்கு ஒரு பிசியோவோட பொலம்பல்

காரைக்குடில பிசியோதெரபி பாத்துட்டிருக்கேன். தைப்பூசம் முடிஞ்சா நம்ம கிளினிக்குக்கு பழனிக்கு நடந்த கால்களா வரும், குன்றக்குடில கெளம்பி சிங்கம்புணரி நத்தம் திண்டுக்கல்னு போன கால்கள். இப்ப கொஞ்ச வருஷமா இன்னொரு வகையும் வருது, 42.195 கிலோமீட்டர் மாரத்தான் பத்தலைன்னு நாள்கணக்குல ஓடுற பசங்க.

போன தடவ ஒரு தம்பி வந்தான். மூணு நாள் ஓட்டம், மொத ரெண்டு நாள்லயும் சேத்து ஒன்றரை மணி நேரம்தான் தூங்கிருக்கான். ஏன்டா இப்டினு கேட்டா "உக்காந்தா எந்திரிக்க முடியாதுண்ணே"ங்குறான். ரெண்டாவது ராத்திரி ரோட்டோரம் மாடு படுத்திருக்குன்னு ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கான், கூட ஓடுனவன் டார்ச் அடிச்சுப் பாத்தா அது மைல்கல்லு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், ஆனா அதே ரோட்டுல நெசமாவே ஒரு லாரி வந்திருந்தா? தூக்கம் கெட்டா மொதல்ல போறது கால் இல்ல, மூளைதான்.

அமெரிக்காவுல நியூயார்க்ல 1997லருந்து 3100 மைல் ஓட்டம் ஒன்னு நடக்குது, கிட்டத்தட்ட 5000 கிலோமீட்டர், 52 நாளுக்குள்ள முடிக்கணும். அதுலயே ஓடுற பாதைய காலைல 6 மணிக்குத் தொறந்து நடுராத்திரி மூடிருவாங்க, எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் போய்ப் படுத்துத்தான் ஆகணும். நம்ம பசங்க ஓடுற போட்டில அப்டி மூட ஆளில்லாதப்ப நீயேதான மூடிக்கணும்? லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம்னு வர்ற ஒரு தூக்கச் சுத்து ஏறக்குறைய 90 நிமிஷம், அதை மொத ராத்திரியே எடுத்துரணும், அசந்து விழுறவரைக்கும் காத்திருக்கக் கூடாது. ராத்திரி 2 மணிலருந்து 5 மணிவரைக்கும் ஒடம்பே தூக்கத்துக்கு இழுக்கும், அந்த நேரத்துல படுக்குறது லாபம். பகல்ல ஒரு 20 நிமிஷம் கண்ணசந்தாக்கூட நல்லாத் தெளியும்.

இந்த விஷயத்துல எனக்கு வாத்தியார் ஒரு ஆச்சிதான், வருஷாவருஷம் பழனிக்கு நடக்குறவங்க, வயசு அறுவதத் தாண்டிருச்சு. தங்குற எடம் வந்தா மொத வேலையா கால் கழுவி, வெரல் இடுக்கெல்லாம் துண்டால ஒத்தி எடுத்து, செவத்துல காலத் தூக்கி வச்சுப் படுத்துருவாங்க. "வழியில விழுந்தா யாரு தூக்குறது, ஒரு மணி நேரம் படுத்தேன்னா நானே நடந்துருவேன் தம்பி"ம்பாங்க. நம்ம ஊருப்பக்கத்து வீடுகள்ல முத்தத்தச் சுத்தி இருக்குற வளவுல ஆத்தங்குடிக் கல்லுத் தரை ஜில்லுனு இருக்கும்ல, அதுல படுத்து கால மட்டும் செவத்துல ஏத்திப் பாருங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துல வீக்கம் கொறையுறது கண்ணுக்கே தெரியும். சூடான கால்ல தண்ணி ஊத்தக்கூடாதுன்னும் ஆச்சி சொல்வாங்க, அத மட்டும் நான் ஒத்துக்கல, பச்சத்தண்ணி நல்லதுதான், ஊறப்போடாம தொடச்சிட்டாப் போதும்.

அந்தத் தம்பி சாக்ஸக் கழட்டுனப்ப கணுக்கால்ல கயிறு கட்டுன மாதிரி தடம், உள்ளங்கால் வெள்ளையா ஊறி சுருங்கிப் போயிருக்கு, பெருவெரல் நகம் கறுப்பு. ரெண்டு நாளா ஷூவ அவுக்கவே இல்லையாம்! நாளாக ஆகக் கால் வீங்கும், அதனால ஒரு சைஸ் பெரிய ஷூ இன்னொரு ஜோடி வேணும், நிக்கிறப்பெல்லாம் சாக்ஸ மாத்தணும். கொப்புளம் வந்தா மேல்தோல உரிக்காதீங்க, அதுதான் கவசம்.

ஓடிட்டு வந்து பொத்துனு உக்காராதீங்க, ரத்தம் கால்லயே தங்கி தலை சுத்தும், அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்துட்டு உக்காருங்க. அப்பறம் தூங்குறதுக்கு முன்னாடியே சாப்புட்ரணும், தசைக்கு அப்பத்தான் சத்து நல்லா ஏறும். ஓடுறப்ப தெம்புக்கு உறிஞ்சுற இனிப்பு ஜெல் திகட்டிப்போச்சுன்னா மோர்சோறும் நார்த்தங்கா ஊறுகாயும் போதும், உப்பும் வந்துரும். வெறும் தண்ணிய மடமடன்னு குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் எறங்கி வலிப்புவரைக்கும் கொண்டு போயிரும்.

அவன் பையில வலிமாத்திரை அட்டை ஒன்னு பாதி காலியா இருந்துச்சு, தண்ணி வத்துன ஒடம்புல டைக்லோஃபினாக், இபுப்ரோஃபென் போட்டா கிட்னிக்கு ஆபத்து, அத நான் பிடுங்கி வச்சுக்கிட்டேன். யூரின் கோலா கலர்ல போனா தசை கரையுதுன்னு அர்த்தமா இருக்கலாம், அப்ப ஓட்டத்த அங்கயே விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, எங்கிட்ட வராதீங்க.