சிகரெட் விலை ஏறினால் உடம்பு என்ன செய்யும்?

"சிகரெட்டுக்கு வரி போட்டால் யார் விடப்போகிறார்கள்? பிடிக்கிறவன் பிடிப்பான், கஜானாதான் நிரம்பும்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

விடுகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் விலை 10 விழுக்காடு ஏறினால் விற்பனை சுமார் 5 விழுக்காடு குறைகிறது. கைச்செலவுக் காசில் வாங்கும் பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதல். கஜானா கணக்கும் சரியில்லை. 2017-18இல் புகையிலை நோய்களாலும் அகால மரணங்களாலும் இந்தியா இழந்தது 1,77,341 கோடி ரூபாய்.

ஆனால் விடாதவர்களுடைய உடம்பில் நடப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் இருபது விநாடிக்குள் மூளையைத் தொடும். இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகும். அளவு இறங்கியதும் கை தானாகச் சட்டைப் பையைத் துழாவும். பழகிய உடம்பு தனக்கு வேண்டிய அளவை லேசில் விட்டுக்கொடுக்காது. பத்து வாங்கிய இடத்தில் ஏழுதான் கட்டுப்படியாகும் என்றால், ஒவ்வொன்றையும் ஆழமாக, பஞ்சு சுடும்வரை இழுக்கும். அப்படி இழுக்கிறோம் என்பது பிடிப்பவருக்கே தெரியாது.

காட்டிக்கொடுப்பது கோட்டினின். நிக்கோட்டினைக் கல்லீரல் உடைக்கும்போது உண்டாகும் பொருள் இது. பாதியாகக் குறையவே முக்கால் நாள் போல ஆகும். அதனால் "நாலுதான் சார் பிடிக்கிறேன்" என்பவரின் எச்சிலைச் சோதித்தால், அந்த நாலிலிருந்து எத்தனை சிகரெட்டின் நிக்கோட்டினை உறிஞ்சியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அமெரிக்கர்களின் கோட்டினின் அளவுகளை வைத்து ஜெரோம் அடா, பிரான்செஸ்கா கோர்னாலியா என்ற பொருளியலாளர்கள் 2006இல் இதையே சொன்னார்கள்: வரி ஏறும்போது எண்ணிக்கை குறைகிறது, இழுப்பு கூடுகிறது. அந்த விளைவு அவ்வளவு வலுவானதல்ல என்று பின்னால் மறு ஆய்வு செய்தவர்கள் காட்டினார்கள். நம் ஊரில் இதை அளந்து பார்க்கப் பணம் ஒதுக்கினால் என்ன என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஏனென்றால் இங்கே சிகரெட்டுக்கு வரி நீளத்தைப் பார்த்துப் போடப்படுகிறது. 65 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு. கம்பெனிகள் 64 மில்லிமீட்டரில் செய்து விற்கின்றன. வரி ஏறினால் நீளமானதை விட்டுக் குட்டைக்கு இறங்க ஒரு படி தயாராக இருக்கிறது. அதற்கும் கீழே பீடி. பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்று வாங்கி, தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைப்பவருக்குப் பாக்கெட் விலை ஏறியது முழுதாக உறைப்பதுமில்லை.

நீளம் பார்க்காமல் எல்லாச் சிகரெட்டுக்கும் ஒரே வரி வேண்டும், பீடிக்கும் வரி உயரவேண்டும் என்பது என் கட்சி. பீடி வரியைத் தொட்டாலே தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காட்டி நிறுத்திவிடுகிறார்கள். நாளெல்லாம் புகையிலைத் தூளைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். கூடும் வரியில் முதல் பங்கு அவர்களுக்கு வேறு தொழில் அமைத்துத் தரப் போகட்டும்.